உன் லேபுக்குக் காந்தம் வந்த ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து நான் நேசிக்கிற அண்ணிக்கு,

அதாவது, அடியே கஸ்தூரி,

முதலில் இந்த மரியாதைப் பஞ்சாயத்தை முடித்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து நீ எனக்கு ‘வாடி’, நான் உனக்கு ‘போடி’. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த நிமிஷத்தில் எங்க அம்மா சட்டம் போட்டுவிட்டார். “இன்னையிலேர்ந்து அண்ணி. வாங்க, போங்கன்னுதான் பேசணும்.” அன்றிலிருந்து கூடத்தில் “அண்ணி, சாப்டீங்களா?” என்றும், சமையலறையில் “ஏண்டி, எனக்கு வெக்காம தின்னுட்டியா?” என்றும் இரண்டு பாஷையில் குடும்பம் நடத்தினோம். கடிதத்துக்குள் எந்த மாமியாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் இங்கே நீ வெறும் கஸ்தூரிதான்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்று அழுகை வந்தது, இல்லையென்றால் கிண்டல் வந்தது. இரண்டையும் ஒரே தாளில் வைக்கத் துணிச்சல் வரவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் ரத்தப் பரிசோதனை லேபை மறுபடி வேலைக்குத் திறந்தோம். திறந்ததோடு நிற்காமல் நான் அங்கே ஒரு வேலை பார்த்துவிட்டேன். அது ஊர் வாய் வழியாக உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. பத்திரிகைக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். இத்தனை காலம் ஊரார் அசட்டுத்தனத்தை எழுதியே பேர் வாங்கினேனே, ஒரு தடவை என்னுடையதையும் எழுதினால் என்ன?

அதற்கு முன்னால் நாலு சமாச்சாரம். நம்ம செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். ராஜகிரி மலை ஏறுகிற கூட்டம் கூடிவிட்டது. குரங்குகளுக்கும் அந்தஸ்து ஏறி, சாதாரண பிஸ்கட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. உன் லேபுக்கு எதிரே இருக்கிற டீக்கடை ஏழுமலை, வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று நம்பி ஆங்கிலத்தில் போர்டு எழுதி வைத்திருக்கிறார். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் அவலூர்பேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று தமிழில்தான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்படியே இருக்கிறார். ஊசியைக் கண்டால் மயக்கம் போடுவதும் அப்படியே இருக்கிறது.

அண்ணனைப் பற்றித்தானே கேட்கிறாய்? வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லை, வீடு, இரண்டும்தான் அவருக்கு. லேபை மட்டும் யாருக்கும் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போய்க் கதவைத் திறந்து, பெருக்கி, உன் மைக்ராஸ்கோப்பின் மேல் போட்ட துணியை எடுத்து உதறி, மறுபடி போட்டுவிட்டு வருவார். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குத் துக்கத்தைத் துடைப்பத்தால்தான் காட்டத் தெரியும்.

நீ குத்தாத விரல் செஞ்சியில் கிடையாது. “கண்ண மூடிக்கோ, எறும்பு கடிக்கும்” என்பாய், கடித்த பிறகு “பொய் சொன்னேன், குளவி” என்பாய். சர்க்கரைக்காரர்கள் முந்தின நாள் ரகசியமாகத் தின்ன ஜாங்கிரியை நீ ரத்தத்தில் பார்த்துவிடுவாய். இந்த ஊரில் பொய் சொல்ல முடியாத இரண்டே இடங்கள் உன் லேபும் என் அம்மாவின் முன்வாசலும்தான்.

அப்படிப்பட்ட உனக்கே மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், மருந்து, மொட்டைத் தலையில் கட்டிய பூப்போட்ட துணி, எல்லாம் முடிந்து ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கல்லீரலில் வந்து உட்கார்ந்தது. அன்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. “என் ரத்தத்துலயே சுத்திக்கினு இருந்திருக்குது மங்கை. எத்தினி வாட்டி என் ரத்தத்த நானே பாத்தேன்! எங்கடி ஒளிஞ்சிருந்துச்சு?”

நான் ரிப்போர்ட்டை உன் கையிலிருந்து வாங்கி மடித்தேன். கதவருகே காபி டம்ளரோடு உன் மகள் நின்றிருந்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சௌமியா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கஸ்தூரி. எம்.டெக். முடித்ததும் வேலைக்குப் போவாள் என்று நினைத்தோம். சென்னையிலேயே ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டாள். எதில் ஆராய்ச்சி என்று தெருவில் கேட்டால் நான் ‘ரத்தத்தில்’ என்பேன். கொலை வழக்கா என்று கேட்பார்கள்.

அவள் செய்கிற பொருளைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீ ரத்தத்தைத் தடவிப் பார்ப்பாயே அந்தக் கண்ணாடிச் சில்லு, அதே அளவு. அதன் மேல் ஜெல்லி மாதிரி ஒரு பட்டை. பட்டைக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வாய்க்கால். வாய்க்கால் ஓரமாக முடியைவிட மெல்லிய ஒரு கம்பி. இரண்டு பக்கமும் வில்லை போல இரண்டு காந்தம். இதைச் செய்யவா இரண்டரை வருஷம்?

“அத்தை, ஒருத்தர் ரத்தத்துல புத்துநோய் அணு ஒண்ணு ரெண்டுதான் சுத்தும். சுத்தி கோடிக்கணக்குல சிவப்பணு. எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

“மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல தொலைஞ்ச புள்ள மாதிரியா?”

“அதேதான். முதல்ல கூட்டத்த ஒரு பக்கம் ஒதுக்கிட்டா மிச்சம் இருக்கிறவங்கள்ல தேடலாம் இல்ல? சிவப்பணுவுல இரும்பு இருக்குது. அதுகிட்ட இருக்கிற ஆக்ஸிஜன எடுத்துட்டா, காந்தம் அத லேசா இழுக்கும். வெள்ளையணுவையும் புத்துநோய் அணுவையும் இழுக்காது, லேசாத் தள்ளும். ஒரே வாய்க்கால்ல போற ரத்தம் முடிவுல ரெண்டாப் பிரிஞ்சுடும்.”

நான் விடுவேனா? “ரத்தத்துல இரும்பு இருக்குது, காந்தம் இழுக்குதுன்னா, நான் ஏன் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிக்கல?”

“அவ்ளோ லேசான இழுப்பு அத்தை. அதனாலதான் கம்பியும் வாய்க்காலும் இவ்ளோ சின்னது. கம்பிக்குப் பக்கத்துல போனாத்தான் அந்த இழுப்புக்குப் பலம்.”

யோசித்து எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்து நடைவழியில் கூட்டம் போகிறது. பசித்தவர்கள் எல்லாரும் பந்திக் கதவுப் பக்கமாக ஒட்டிக்கொண்டே நடப்பார்கள், சாப்பிட்டு முடித்தவர்கள் எதிர்ச் சுவர் ஓரமாகப் போவார்கள். நடைவழி அகலமாக இருந்தால் பந்தி வாசனை எட்டாது. சௌமியா கேட்டுவிட்டு, “பரவால்ல அத்தை, பாதி சரி” என்றாள். உன் மகள் வாயிலிருந்து பாதி சரி என்று வருவது எவ்வளவு பெரிய விருது என்று உனக்குத் தெரியும்.

சிக்கல் இங்கேதான். சென்னையில் எல்லாம் நன்றாக வேலை செய்தது. அவளுடைய பேராசிரியர் நம்பவில்லை. “ஏசி ரூம்ல எதுவும் வேலை செய்யும். ஒரு சின்ன ஊர் லேபுல, பத்துப் பேரோட புது ரத்தத்துல செஞ்சு காட்டு. எட்டு சரியா வந்தா, ஆஸ்பத்திரியில கேட்டு நோயாளிங்க ரத்தத்துல பாக்க ஏற்பாடு பண்றேன். வரலன்னா இத்தோட எழுதி முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டாராம். எழுதி முடிப்பது என்றால், அந்தச் சில்லு ஒரு அலமாரிக்குள் போகும், இவள் பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போவாள். அனுமதி எல்லாம் வாங்கிக்கொண்டு அவள் தேர்ந்தெடுத்த சின்ன ஊர் லேப் எது தெரியுமா? உன்னுடையது.

பத்துப் பேரைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. சத்துணவுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளுக்குப் பத்துப் பேர் கிடைக்காமலா போவார்கள்? அண்ணன், நான், என் வீட்டுக்காரர், ஏழுமலை, தெருவில் ஆறு பேர். ரத்தம் எடுக்க, உன்னிடம் தொழில் பழகிய செல்வி. இப்போது அவள் வேறு லேபில் இருக்கிறாள். உள்ளே வந்ததும் உன் நாற்காலியைப் பார்த்து முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அதே கையோடு, “அக்கா, இந்தப் பஞ்சு டப்பாவ மாத்தவே இல்லயா?” என்று திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய்.

சௌமியா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “அம்மாவோட ஸ்டீல் மேஜை வேணாம். மரமேஜை கொண்டாங்க. காந்தத்துக்குப் பக்கத்துல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது.” என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத்தான் அனுப்பினேன். மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்தேன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் முதலில் போய் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

சரிபார்த்ததில்தான் வந்தது வினை.

நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியாததா? உச்சிவேளையில் கறி எடுத்துப் போனால், காத்துக்கருப்பு அண்டாமல் இருக்கத் தூக்குக்குள் ஒரு கரித்துண்டும் ஆணியும் போடுவோம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு, வயசுக்கு வந்தவள் பக்கத்தில் இரும்பு. இதைக் கேலி செய்து ‘துருப்பிடித்த தைரியம்’ என்று நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு நீ சிரித்தாய். அப்படி எழுதிய அதே கை, அன்று காலையில் என் சமையலறை வாசலில் அடித்திருந்த குதிரை லாடத்தை நெம்பி எடுத்துக்கொண்டு வந்தது. பத்துப் பேர் ரத்தம், பட்டப்பகல், அம்மா இல்லாத பெண். காப்பில்லாமல் எப்படி விடுவது? துணிக்கு அடியில், அவள் அந்தச் சில்லு வைக்கப்போகிற இடத்துக்கு நேராக, பலகைப் பள்ளத்தில் படுக்க வைத்துவிட்டேன்.

இரும்பு கூடாது என்று சொன்னாளே என்று கேட்பாய். சத்தியமாகச் சொல்கிறேன், கஸ்தூரி, எனக்கு அது இரும்பாகவே படவில்லை. கத்திரிக்கோல் இரும்பு, ஸ்டூல் இரும்பு. லாடம் காப்பு. சில்லும் காந்தமும் பொருத்திய கருவியை அவள் துணிமேல் வைத்தபோது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆக்ஸிஜனை வெளியேற்ற ஒரு சின்ன நைட்ரஜன் சிலிண்டரை வாசலோரமாகத் தள்ளி வைத்திருந்தாள். ஏழுமலை எட்டிப் பார்த்து, “இன்னாம்மா சௌமி, டயருக்கு அடிக்கிறதா இது?” என்றார்.

“ஆமாண்ணா, அதே காத்துதான்.”

“அப்ப எனக்கும் காத்து புடிச்சி வுட்டுடு. முட்டி ரெண்டும் பஞ்சர்.”

எல்லாரும் சிரித்தோம். செல்வி வரிசையாக ரத்தம் எடுத்தாள். என் வீட்டுக்காரர் முறை வந்தபோது ஊசி தோலைத் தொடுவதற்குள் கையை உருவிக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி” என்றார். அடுத்த நொடி ஆள் சுருண்டுவிட்டார். அண்ணன் தாங்கிப் பிடித்து உன் பெஞ்சில் படுக்க வைத்தார். அவர் கண் விழித்ததும் செல்வி சொட்டுச் சொட்டாக எடுத்ததில் பாதிக் குழாய்தான் கிடைத்தது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் ரத்தம் ஏழுமலையுடையது. வாய்க்காலின் முடிவில் இரண்டு சின்னக் குழாய்கள். ஒன்றில் சிவப்பு சேர வேண்டும், இன்னொன்றில் கிட்டத்தட்டத் தெளிவான தண்ணீர். இரண்டிலும் ஒரே ரோஸ் நிறம் வந்தது. சௌமியா சில்லைக் கழுவினாள். இரண்டாவது, அண்ணனுடையது. மறுபடி ரோஸ். சில்லை மாற்றினாள். மூன்றாவது, ரோஸ். நைட்ரஜன் குழாயைப் பிடுங்கிச் சொருகினாள், பம்பை நிறுத்தி ஓட்டினாள், நோட்டைப் பார்த்தாள், செல்வியிடம் உப்புத்தண்ணீர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலாவது என்னுடையது. அதுவும் ரோஸ்.

நாலு போய்விட்டது. மிச்சம் ஆறும் சரியாக வந்தாலும் எட்டு வராது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். “இன்னாம்மா? கரெண்ட் கம்மியா வருதா?”

“இல்ல நைனா. எல்லாம் சரியாத்தான் இருக்குது. இங்க வேலை செய்யல, அவ்ளோதான்.” அழவில்லை. உன்னை மாதிரியே உதட்டை மடித்துக்கொண்டாள். “அவர் சொன்னது சரி. இது மெட்ராஸ் ரூமுக்குத்தான் லாயக்கு. நம்ம ஊருக்கு ஒத்துவராது.”

நோட்டை எடுத்தாள். மேலே தேதி போட்டாள். ‘செஞ்சி’ என்று எழுதினாள். அதற்குக் கீழே என்ன எழுதப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அடியே, அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த ‘டக்’ ஞாபகம் வந்தது.

சொல்லவா வேண்டாமா என்று நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ ஆறுகிற நேரம். பத்திரிகையில் ஊரைத் திருத்துகிறவள், சாப்பாட்டு மேஜைத் துணிக்கு அடியில் லாடம் வைத்தாள் என்று தெரிந்தால்? ஏழுமலை கடையில் ஆறு மாதத்துக்கு என் பேர் ஓடும். ராத்திரி வீட்டுக்கு மேஜை வந்ததும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பேனா கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர் மேல் இல்லாத குற்றத்தை, உன் லேபில் உட்கார்ந்து, உன் மகள் எழுதப்போகிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சௌமி... எழுதாத. துணியத் தூக்கிப் பாரு.”

தூக்கினாள். கருவியையும் சேர்த்துத் தூக்கினாள். லாடம் கருவியின் அடியில் துணியோடு சேர்ந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. ஒரு கால் ஒரு காந்தத்துக்குக் கீழே, இன்னொரு கால் இன்னொரு காந்தத்துக்குக் கீழே.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். படுத்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, “அடிப்பாவி, இது நம்ம வாசப்படியில இருந்ததாச்சே” என்றார்.

“எப்ப வெச்சீங்க அத்தை?”

“காலையில. நீ வர்றதுக்கு முன்னாடி.”

“இரும்பு கூடாதுன்னு சொன்னேன் இல்ல அத்தை? எத்தினி தபா சொன்னேன்?”

“சொன்ன.”

“அப்புறம் இன்னாத்துக்கு வெச்சீங்க? நீங்களே இதெல்லாம் கிண்டல் பண்ணி எழுதறவங்கதான?”

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. மூன்று வருஷமாக அண்ணனிடம்கூடச் சொல்லாதது. நீ கடைசியாகச் சென்னைக்குக் கிளம்பினாயே, உச்சிவேளையில், வாடகைக் காரில்? உன் பையில் ஒரு ஆணியை நான் போட்டு வைத்திருந்தேன். நீ கண்டுபிடித்து எடுத்துவிட்டாய். “ஊரு ரத்தத்தையெல்லாம் தொடறவளுக்கு ஆணி வெக்கிறியாடி? எழுத்தாளர் பாரு, எழுத்தாளர்!” என்று சிரித்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனாய். நானும் சிரித்தேன். நீ திரும்பி வரவில்லை. அறிவு ஆயிரம் சொல்லும். உள்ளே ஒன்று மட்டும் ‘நீ விட்டுட்ட, நீ விட்டுட்ட’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. “உங்க அம்மாவத்தான் வெறும் கையோட அனுப்பிட்டேன். உன்னையும் அப்படி விடச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு, ஊரைச் சிரிக்க வைக்கிறவள் ஏழுமலை முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

சௌமியா லாடத்தைக் காந்தத்திலிருந்து பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து கை கொடுத்தார். பிரிந்ததும் அதை என் கையில் வைத்தாள்.

“அத்தை, அம்மா ஆணி வெக்காததால போகல. ஒளிஞ்சிருந்தத முன்னாடியே பாக்க முடியாததால போனாங்க.” நோட்டை மூடிவிட்டு, “உங்க மேல கோவம் இருக்குது. ரொம்ப இருக்குது. அப்புறமாப் படறேன். இப்ப இத எடுத்துக்கினு ஏழுமலை அண்ணன் கடைக்குப் போயிடுங்க. கூப்டற வரைக்கும் வராதீங்க” என்றாள்.

போனேன். என் வாழ்க்கையில் நான் குடித்த நீளமான டீ அதுதான். ஏழுமலை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

என்ன நடந்தது என்று செல்வி சௌமியாவிடம் கேட்டுவந்து பிறகு விளக்கினாள். காந்தம் இரண்டும் தங்களுக்கு நடுவே இருக்கிற சில்லு வழியாகத்தான் கை கோத்துக்கொள்ள வேண்டுமாம். என் லாடம் அடியில் பாலம் போட்டுவிட்டது. இழுப்பில் பெரும்பகுதி பாலத்து வழியாகவே போய்விட்டது. கம்பிக்கு எதுவும் மிஞ்சவில்லை. பந்தி நடக்கும்போது பின்கதவைத் திறந்துவிட்டு, பாத்திரத்தோடு சோற்றைத் தெருவுக்குக் கடத்தின மாதிரி.

நாலு பேருடைய ரத்தமும் குழாயில் மிச்சம் இருந்தது. புதுச் சில்லில் முதலிலிருந்து ஓட்டினாள். மத்தியானம் அண்ணன் ரோட்டுக்கு வந்து கையசைத்தார். பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

மேஜைமேல் இரண்டு குழாய். ஒன்று நாவல்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பு. பக்கத்தில், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி, லேசாகக் கலங்கி, இன்னொன்று. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துச் சாயம் போட்டு உன் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள் சௌமியா. ரொம்ப நேரம் நிமிரவேயில்லை. பிறகு “பாருங்க” என்று நகர்ந்தாள். நான் குனிந்து பார்த்து, “ஐயோ, கருப்புக் கருப்பா என்னமோ வேலி மாதிரி தெரியுதே” என்றேன். “அது உங்க கண்ணிமை அத்தை” என்றாள். சரியாகப் பார்த்தபோது தெரிந்தது. ஊதா நிறத்தில் குண்டு குண்டாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு, வெள்ளையணுக்கள். அதே ஏழுமலையுடைய ரத்தம்தான். கூட்டம் கலைந்திருந்தது. ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது.

அண்ணனும் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பை மூடுகிற துணியை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டார். இன்றுவரை அதை எடுத்து மறுபடி மூடவில்லை.

பத்தில் ஒன்பது சரியாக வந்தது. வராத ஒன்று என் வீட்டுக்காரருடையது. பாதிக் குழாயிலேயே உறைந்துவிட்டதாம். உடம்பு முழுக்கப் பயந்தால் ரத்தம் மட்டும் சும்மா ஓடுமா?

ஆனால் சௌமியா உன் பெண். முதல் நாலு ஓட்டத்தையும் நோட்டில் மறைக்கவில்லை. ‘கருவிக்கு அடியில் இரும்பு இருந்தது, தோல்வி’ என்று அப்படியே எழுதி, இரண்டு விதமான முடிவையும் பேராசிரியருக்கு அனுப்பினாள். இதைக் கணக்கில் எடுப்பாரா, மாட்டாரா என்று திங்கட்கிழமை முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு உப்பு போட மறந்தேன். சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“அந்த நாலுதான்மா எனக்கு முக்கியம்” என்றார் அந்த மனிதர். “சின்ன லேபுன்னா இரும்பு மேஜை இருக்கும், இரும்பு பீரோ இருக்கும். எல்லா ஊர்லயும் ஒரு அத்தை இருப்பாங்க. அவங்க எத வெச்சாலும் உன் மெஷின் வேலை செய்யணும். காந்தத்துக்குக் கவசம் மாதிரி ஒரு பெட்டி போடு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நானே எழுதறேன்.”

சௌமியா இப்போது பெட்டி செய்துகொண்டிருக்கிறாள். செய்து முடித்ததும், பக்கத்தில் வேண்டுமென்றே இரும்பை வைத்துப் பார்ப்பார்களாம். அந்தச் சோதனைக்கு அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘அத்தை டெஸ்ட்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். என் எழுத்துக்குக் கிடைக்காத அமரத்துவம் என் லாடத்துக்குக் கிடைத்துவிட்டது. கோபம்? அப்புறமாகப் படுகிறேன் என்றவள் நேற்றுவரை பட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலையில், “அத்தை, உங்க முருங்கக்கீரை அடை இருந்தா குடுத்தனுப்புங்க” என்று செய்தி வந்தது. ராஜி ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னும் ஆஸ்பத்திரிக்காரர்கள் சரி சொல்லவில்லை. சொல்வார்கள் என்றுதான் தோன்றுகிறது. சொன்னாலும் இது நாளைக்கே யாரையும் காப்பாற்றிவிடாது, வருஷங்கள் ஆகும் என்று சௌமியா முன்கூட்டியே என் வாயைக் கட்டிவிட்டாள். ஊர் முழுக்க ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சுட்டா’ என்று நான் சொல்லிக்கொண்டு திரிவேன் என்று பயம். நியாயமான பயம்தான்.

அடுத்த கட்டத்தில் ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் நோய்ப்பட்ட பெண்கள். உன்னைப் போல, தலையில் பூப்போட்ட துணி கட்டினவர்கள். ஒவ்வொருவரிடமும் நாலு பக்கப் படிவம் ஒன்றைப் படித்துக் காட்டி, அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு, அவர்கள் பேச்சிலேயே பேசுகிற ஒரு ஆள் தேவைப்படும் என்றாள் சௌமியா. நான் வருகிறேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கையில் கொடுத்து, “மூணாம் பக்கம் படிங்க” என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, கஸ்தூரி. ‘இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு உதவக்கூடும்.’ முதல் தடவை என்னால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை ஒரு ஜோக் சொல்லி அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தேன். “அங்க ஜோக் கூடாது அத்தை” என்றாள்.

அதனால் உனக்கு இந்த வாக்கு. தினமும் காலையில் சத்துணவுக் கூடத்தில் உலை கொதிக்கிற நேரத்தில் அந்த வரியைச் சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். அந்தப் பெண்களில் முதல் ஆள் எதிரே வந்து உட்காரும்போது அவள் கண்ணைப் பார்த்து, ஒரு சொல்லும் விழுங்காமல், சிரிக்காமல், அதைப் படித்துக் காட்டுவேன். அவள் முடியாது என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். சரி என்று சொன்னால், நர்ஸ் ஊசியை எடுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வாய் ஓயாமல் பேசுவேன்.

உன் மகளுக்கு அத்தையும், உன் புருஷனுக்குத் தங்கச்சியும், உனக்கு ஆறாம் வகுப்பு முதல் எல்லாமுமான

உன் நாத்தனார்
மங்கை
செஞ்சி